தேனீ உண்ணி மருந்து என்று வெறும் பட்டையை விற்றுவிட்டார்கள்: 14,400 ரூபாயும் போச்சு, ஏழு பெட்டியும் போச்சு

இன்று காலை ஏழாவது தேனீப் பெட்டியும் காலி. வாசல் பலகைக்குக் கீழே, சிறகு சுருங்கிய ஈக்கள் பறக்க முடியாமல் மண்ணில் ஊர்கின்றன. வயிறு எரிகிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் 24 பெட்டி இத்தாலியத் தேனீ வைத்திருந்தேன். தேனீ மேல் ஒட்டி வாழும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மாதம் முன்பு சர்க்கரைச் சோதனை செய்தேன். புழு வளரும் அடையிலிருந்து அரை டம்ளர் ஈக்களை, ஏறக்குறைய 300 இருக்கும், ராணி இல்லாமல் பார்த்து எடுத்து, வலை மூடி போட்ட பாட்டிலில் பொடித்த சர்க்கரையோடு உருட்டி, வெள்ளைத் தட்டில் குலுக்கித் தண்ணீர் தெளித்தேன். சர்க்கரை கரைந்ததும் தட்டில் 11 உண்ணி. கடுகை விடச் சின்னது, செம்பழுப்பு, நண்டு ஓடு மாதிரி தட்டை. நூறு ஈக்கு மூன்றைத் தாண்டினால் மருந்து வைத்தே ஆக வேண்டும். நம் அடுக்குத் தேனீ என்றால் உண்ணியைக் கடித்துத் தள்ளி ஓரளவு சமாளிக்கும். இத்தாலிய ஈக்கு அந்தத் திறமை போதாது.

ஆன்லைன் சந்தை ஒன்றில் ஃப்ளூவாலினேட் பட்டை, அதாவது பெட்டிக்குள் தொங்கவிடும் உண்ணி மருந்துப் பட்டை, என்று போட்டிருந்தார்கள். பெட்டிக்கு இரண்டு, பட்டை 300 ரூபாய், மொத்தம் 14,400. பணம் கட்டும் முன் விற்பவரிடம் போனில் பேசினேன். "அண்ணா, நானும் நாற்பது பெட்டி வெச்சிருக்கேன். சோதனையில எத்தனை விழுந்துச்சு? ஆண் ஈ அறையைத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். இதையெல்லாம் கேட்கிறவர் நம்மைப் போல ஒருத்தர்தானே என்று நம்பிவிட்டேன்.

வந்த உறையில் தொகுதி எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

புழு வளரும் மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியை இந்தப் பட்டை தொடாது. புழு ஈயாகி வெளியே வரும்போதுதான் பிடிக்கும். அதனால் ஆறு வாரம் வைக்க வேண்டும். வைத்தேன். மறுபடி சோதித்தால் அதே பெட்டியில் 26!

போன் செய்தால் "வெயில் காலம்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றார். அடுத்த முறை "பட்டையைச் சரியா வைக்கலை" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. ஆன்லைன் சந்தைக்காரர்களோ, திருப்பித் தரும் கெடு ஏழு நாளில் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆறு வாரம் வைக்க வேண்டிய மருந்துக்கு ஏழு நாள் கெடு! 14,400 ரூபாய், அதோடு ஏழு தேனீக் குடும்பம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. தொகுதி எண் இல்லாத உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள். எண் இருந்தாலும், பட்டையை முதலில் ஒரே பெட்டியில் வையுங்கள். அடிப்பலகையில் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை விரித்து மறுநாள் எண்ணுங்கள். உண்ணி விழவில்லை என்றால் ஏழு நாளுக்குள் பணத்தைக் கேளுங்கள். பில்லை எறியாதீர்கள்.

மீதி 17 பெட்டியையும் இன்று சாயங்காலத்துக்குள் சோதித்தாக வேண்டும். சர்க்கரை பொடிக்கப் போகிறேன்.