சாவ்ரியா, வை.எல்.எஸ்.ஸா? ஹட்டனிலிருந்து ஓர் ஒப்பீடு

நடத்தைப் பிரச்சினையோடு வரும் பிள்ளைகளின் அபாயத்தை மதிப்பிட இலங்கையின் ஹட்டனில் எங்கள் ஆலோசனைக் குழு சாவ்ரியைத் (SAVRY, இளையோரின் வன்முறை அபாயத்தை மதிப்பிடும் கருவி) தேர்ந்தது. எதிரே இருந்தது வை.எல்.எஸ்./சி.எம்.ஐ. (YLS/CMI, இளையோர் மீண்டும் குற்றம் செய்யும் அபாயத்தை மதிப்பிடும் கருவி). கனடாவில் உருவான அதில் 42 கூற்றுகள். உண்டு, இல்லை என்று குறித்துக் கூட்டினால் ஒரு புள்ளி வரும். சாவ்ரி 12 முதல் 18 வயது வரையானவர்களுக்கு. 24 அபாயக் காரணிகளைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தரப்படுத்த வேண்டும். பாதுகாப்புக் காரணிகள் 6 தனி. இத்தனை புள்ளிக்கு மேல் என்றால் அபாயம் என்ற வெட்டுப்புள்ளி கிடையாது, முடிவு மதிப்பிடுபவர் கையில்.

எஸ்.டி.கியூ.வை (SDQ, பிள்ளைகளின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களை அறியும் வினாத்தாள்) இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. 25 கேள்விகள், தமிழிலும் கிடைக்கிறது, பாடசாலையில் முதல் சல்லடைக்கு நல்லது. வன்முறை அபாயத்தைக் கணிப்பது அதன் வேலையல்ல.

எண் தரும் கருவிதான் நம்பகமானது என்று தோன்றும். நான் பார்த்தது வேறு: ஒரே பிள்ளையை இருவர் தனித்தனியே மதிப்பிட்டால் ஒரே முடிவுக்கு வருவார்களா? பயிற்சி பெற்றவர்கள் கையில் இரண்டிலுமே பொதுவாக நல்ல உடன்பாடு இருப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதற்குத் தகவல் வேண்டுமே. இங்கே கோப்பில் இரண்டு தாள்தான். அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் கடையில். பேச இருப்பவர் அம்மாயி: "புள்ள நல்லவன்தான் சார், சேர்க்கதான் சரியில்ல."

இப்படி ஒரு பையனுக்கு வை.எல்.எஸ்.ஸில் 'மேற்பார்வை போதாது' என்பதைக் குறிப்பதா? அம்மா இல்லை, ஆகவே உண்டு என்பார் ஒருவர். இருட்டுவதற்குள் அம்மாயி அவனை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார், பக்கத்துக் காம்பராவில் மாமா இருக்கிறார், ஆகவே இல்லை என்பார் மற்றவர். இப்படி நாலைந்து கூற்றில் பிரிந்தால் பையன் அடுத்த அபாயப் பட்டைக்கே போய்விடலாம். ஏன் போனான் என்பது கூட்டுத்தொகையில் தெரியாது. சாவ்ரியில் இதையே 'நடுத்தரம்' என்று போட்டுக் காரணத்தை எழுதுகிறோம். அம்மாயியோடு உள்ள பிணைப்பும் பாதுகாப்புக் காரணியாக ஏறுகிறது. கருத்து வேறுபட்டாலும் எந்த இடத்தில் என்று கையை வைத்துக் காட்டலாம். வை.எல்.எஸ்.ஸிலும் புள்ளியை மீறி அலுவலர் முடிவெடுக்க இடமுண்டு, சரி. ஆனால் வேலைப்பளுவில் எண்ணே முடிவாகிவிடும் என்பதுதான் என் பயம்.

சாவ்ரியிலும் உறுத்தல் உண்டு. அக்கம்பக்கச் சீர்குலைவு பற்றிய காரணியில், கசிப்பு (கள்ளச் சாராயம்) புழங்கும் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகள்) என்றால் அங்குள்ள எல்லாப் பிள்ளைக்கும் 'அதிகம்' விழும். அது ஒரு பிள்ளையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. இருவரும் ஒத்துப்போவதாலேயே கணிப்பு சரியாகிவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

எங்கள் நடைமுறை இதுதான்: இருவர் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே குறிப்பது, பிறகு ஒப்பிடுவது, சில மாதங்களில் திரும்ப மதிப்பிடுவது. இந்த வயதில் பிள்ளைகள் வேகமாக மாறுவார்கள். எங்களிடம் வந்தவர்களில் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. அவர்களுக்கும் இதே தேர்வு சரியா என்பதில் என் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.