பழைய பண்டூராவா, மேடைப் பண்டூராவா?

உக்ரைனின் தேசியத் தந்தி வாத்தியமான பண்டூராவில் என் ஓட்டு பழையதற்கே. மரக்கட்டையைக் குடைந்து செய்த உடல், சுமார் 20 தந்திகள். கொப்சார்கள், பெரும்பாலும் பார்வையற்றவர்கள், ஊர் ஊராகப் போய் இதை மீட்டி 'தூமா' எனும் வீரக்கதைகளைப் பாடினார்கள். 1803-இல் பிறந்த ஒஸ்தாப் வெரெசாய் அவர்களில் பேர்பெற்றவர். தந்தி குறைவு, அதனால் குரல் முன்னே நிற்கும்.

மேடைப் பண்டூராவுக்கு 55-க்கு மேல் தந்திகள், அரைச்சுரங்களும் உண்டு. குழுவாக வாசிக்க இதுதான் தோது. சுருதி சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும், அது வேறு விஷயம்! கீவ் பாணியில் இடக்கைக்குக் கீழ்ச்சுரத் தந்திகள், வலக்கைக்கு மேல்சுரங்கள். கார்கிவ் பாணியில் இரு கைகளும் எல்லாத் தந்திகளிலும் ஓடும். அதை வளர்த்த ஹ்னாத் ஹோத்கேவிச்சை 1938-இல் சோவியத் அரசு சுட்டுக்கொன்றது. கற்க விரும்பினால் மேடைப் பண்டூராதான் சுலபம். இசைப்பள்ளிகளில் பெரும்பாலும் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள்.