கடுகு, எள்ளு, பால், கோதுமை ஒன்றும் இல்லாமல் 45 பேருக்கு ஒரு ஆட்டைத்திவசச் சாப்பாடு

போன மாதம் அப்பாவின் ஆட்டைத்திவசம், அவர் போய் ஒரு வருடம். 45 பேருக்கு மதியச் சாப்பாடு. யாழ்ப்பாணத்தில் சைவச் சாப்பாடு செய்து தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒரு போன் எடுத்தால் காரியம் முடிந்தது. ஆனால் இந்த முறை ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகள் வந்திருந்தாள், அக்காவின் மூத்தவள். அவளுக்குக் கச்சான் (நிலக்கடலை), கஜு, எள்ளு, கடுகு, பால் எல்லாம் ஒவ்வாமை. அதோடு செலியாக் நோயும் இருக்கிறது, கோதுமை மா ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடல் புண்பட்டுவிடும். அம்மப்பாவின் திவசத்துக்கு என்றே லீவு எடுத்து வந்த பிள்ளை. அவள் ஒரு மூலையில் இருந்து வாழைப்பழம் சாப்பிட, நாங்கள் இலை போட்டுச் சாப்பிடுவதை நினைக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு கலியாண வீட்டில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சமைத்தவர்களிடம் இரண்டு தரம் கேட்டோம், வடையில் கச்சான் இல்லை என்றார்கள். உண்மையில் இல்லைத்தான். ஆனால் முதல்நாள் கச்சானோடு மிக்சர் பொரித்த எண்ணெயிலேயே வடையையும் பொரித்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, தொண்டை இறுகி, அவள் கைப்பையிலிருந்த அட்ரினலின் ஊசியைத் தானே தொடையில் குத்திக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரி. அதற்குப் பின் ஊருக்கு வந்தால் வெளியில் ஒன்றும் தொடமாட்டாள், அவித்த மரவள்ளியும் வாழைப்பழமும்தான்.

அதனால் இந்தத் திவசத்துக்குச் சமைத்துத் தந்த ஒரு அக்காவைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். கொக்குவில் பக்கம், வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பவர். பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இப்போது இருக்கிற ஓடருக்கே ஆள் பத்தவில்லையாம். எங்களுக்குப் பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் தெரியும்.

போனில் விஷயத்தைச் சொன்னதும், மற்றவர்கள் மாதிரி "அதெல்லாம் பாத்துச் செய்யலாம்" என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடுகு ஒத்துக்கொள்ளாதெண்டால் தாளிதம் முழுக்க மாறும் தங்கச்சி, ஒருக்கா நேரில வாங்கோ" என்றார். போனேன். குசினி மேசையில் ஒரு சி.ஆர். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, கறிகளின் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதற்குள் போகிற எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். காய் மட்டும் இல்லை, எண்ணெய், தூள், தாளிதம், மேலே விடுகிற நெய் வரைக்கும். பிறகு ஒரு சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டு போனார். பருப்பில் நெய் வெட்டு. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பில் நல்லெண்ணெயும் கடுகும் வெட்டு. ரசத்தில் பெருங்காயம் வெட்டு. கடைசியில் பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு.

எங்கள் ஆட்களிடம் கறிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் கத்தரிக்காய், தேங்காய்ப்பால் என்பார்கள். தாளித்துக் கொட்டியதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. கடுகு எங்களுக்கு ஒரு வாசம், அவ்வளவுதான். கனடாவிலோ பொதிகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் கச்சானோடும் எள்ளோடும் கடுகும் இருக்கிறது, ஐரோப்பாவின் 14 பொருட்களிலும் இருக்கிறது. பெருங்காயத்தையும் அப்படித்தான் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும், தனியே பெருங்காயம் இவ்வளவு மலிவாகவும் மென்மையாகவும் வராது. ரசத்தைக் குடித்துவிட்டு இரண்டு நாள் வயிற்று வலியில் கிடப்பவருக்கு ரசத்தில் எங்கே கோதுமை வந்தது என்று விளங்கவே விளங்காது. நல்லெண்ணெயோ சுத்திகரிக்காத எண்ணெய், எள்ளின் புரதம் அதற்குள்ளேயே இருக்கும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பயன் இல்லை.

நான் யோசிக்காத ஒன்றை அக்காதான் சொன்னார். மிளகாய்த்தூள். மில்லில் திரிப்பதென்றால் எங்களுக்கு முன்னால் யார் என்ன திரித்தார்கள் என்று தெரியாது, கோதுமையாகவும் இருக்கலாம், கடுகாகவும் இருக்கலாம், அந்த மா இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் வீட்டிலேயே வறுத்து, உரலில் இடித்து அரித்து எடுத்தார். வெந்தயம் போட முதல் எனக்கு ஒரு கோல் எடுத்தார். கச்சான் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது என்று முந்தி ஒரு குடும்பத்துக்குச் சமைத்தபோது தெரிந்துகொண்டாராம். பெறாமகளிடம் கேட்டேன், சின்னனிலிருந்து சாப்பிடுகிறாள், பிரச்சினை இல்லை என்றாள். சரி, வெந்தயம் போட்டாச்சு.

திவசத்துக்கு முதல் மூன்று நாளும் என் வாட்ஸ்அப்புக்குப் படமாகவே வந்தது. சவ்வரிசிப் பைக்கற்றின் பின்பக்கம், சர்க்கரை, புளி, உப்பு, எல்லாவற்றிலும் அந்தப் பொடி எழுத்துத் தெரிகிற மாதிரிக் கிட்டப் பிடித்து எடுத்த படங்கள். அப்பளத்தில் மட்டும் சந்தேகம். உழுத்தம்மா என்று இருந்தது, ஆனால் ஒட்டாமல் இருக்க மேலே எந்த மா தூவியது என்று ஒன்றும் எழுதவில்லை. குரல் பதிவில் "உதில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை, தெரியாததை நான் வைக்கமாட்டன்" என்றார். அப்பளம் இல்லை. அதற்குப் பதிலாகப் புதுத் தேங்காய் எண்ணெயில் மரவள்ளிச் சீவல். அந்தக் குரல் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எனக்கு உண்மையில் பயமாக இருந்தது எள்ளுத்தான். திவசத்தில் எள்ளை விடமுடியுமா? காலையில் அண்ணாவும் சித்தப்பா ஆட்களும் கீரிமலைக்குப் போய்ப் பிண்டம் போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத்தான் வருவார்கள். அக்கா அதையும் கேட்டு வைத்திருந்தார். வந்தவர்கள் வாசலிலேயே சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, வேட்டி மாற்றிய பிறகுதான் உள்ளே வர வேண்டும், கையில் பூசுகிற அந்தச் சனிடைசர் வேலைக்கு ஆகாது, அது கிருமியைக் கொல்லுமே தவிர எள்ளின் மிச்சத்தைக் கழுவாது என்றார். அண்ணா முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு அவரே குழாயடியில் நின்று ஒவ்வொருவரையும் கழுவ வைத்தார். அப்பாவுக்கு எள்ளுருண்டை என்றால் உயிர். படையலில் அதை வைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் மனக்குறை இல்லை, பேத்திக்கு ஊசி போட வேண்டி வந்திருந்தால் அப்பா தாங்கியிருக்கமாட்டார்.

பெறாமகளுக்கென்று தனிச் சட்டியில் அக்கா எதுவும் சமைக்கவில்லை. 45 பேருக்கும் ஒரே சாப்பாடு. தனியாகச் செய்தால்தான் அகப்பை மாறும், வாளி மாறும் என்பது அவருடைய கணக்கு. மொட்டைக்கறுப்பன் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், முளைக்கீரைக் கடையல், பயற்றங்காய் வறை, ரசம், வடை, மோருக்குப் பதிலாகச் சொதி. பாயாசம் சேமியா இல்லாமல் சவ்வரிசியும் பயறும் போட்டு, முழுக்கத் தேங்காய்ப்பாலில். கஜு இல்லை, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) மட்டும். தாளிதம் எல்லாவற்றிலும் கடுகுக்குப் பதில் பெருஞ்சீரகமும் சின்னச் சீரகமும், வெங்காயமும் கறிவேப்பிலையும் நன்றாகச் சிவக்கும் வரை. வந்தவர்களில் ஒருவருக்கும் கடுகு இல்லை என்பது தெரியவில்லை. உரலில் இடித்த தூளின் வாசம் வாளி திறந்தவுடனேயே ஹோல் முழுக்க வந்தது, அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை நான் இரண்டு தரம் விட்டுச் சாப்பிட்டேன். சொதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேசிக்காய்ப் புளியைச் சட்டி இறக்கிச் சூடு ஆறிய பிறகுதான் விட்டிருந்தார், பால் திரையாமல், பச்சைமிளகாய் வாசத்தோடு, குடிக்கிற பதத்தில் இருந்தது.

அவளை முதல் பந்தியில் முதல் இலையில் இருத்தினோம். வாளிக்கு ஒரு அகப்பை, மாற்றக்கூடாது என்று அக்காவின் மகன் நின்று பார்த்துக்கொண்டார். ஆனாலும் ஊசி அவளுடைய மடியிலேயே இருந்தது, என் போனில் 1990 அம்புலன்ஸ் நம்பர் அடித்து ஆயத்தமாக இருந்தது. முதல் வாய் வைத்துவிட்டு அவள் கொஞ்சம் பொறுத்தாள். நாங்களும் பொறுத்தோம். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டு, "சின்னம்மா, எனக்கும் அந்த வடை இன்னொண்டு" என்றாள். இலையை முழுதாகச் சாப்பிட்டு மடித்தாள். இரவும் ஒன்றும் செய்யவில்லை, அடுத்த நாளும் ஒன்றும் செய்யவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். சாப்பாடு வர 40 நிமிடம் பிந்தியது, ஐயரும் வயதானவர்களும் பசியோடு காத்திருந்தார்கள். பாயாசத்தில் சர்க்கரை கூடிப்போனது, எங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் நிறையப் பேர், பாதிப் பேர் தொடவில்லை. கொண்டுவந்து தரமாட்டார், நாங்கள்தான் ஓட்டோ பிடித்துப் போய் எடுக்க வேண்டும், சட்டிகளைக் கழுவி அடுத்த நாளே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 950 ரூபாய் எடுத்தார், மற்ற இடத்தில் 750 கேட்டார்கள். அந்த 200 ரூபாய்க்கு அவர் இடித்த தூளை நினைத்தால் எனக்கு அது கூடுதலாகத் தெரியவில்லை. குறைந்தது ஐந்து நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், திடீரென்று கேட்டால் மறுத்துவிடுவார்.

செலியாக் உள்ளவர்களுக்கு ஒன்று. கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஒரு சாப்பாட்டுப் பொருளில் குளூட்டன் (கோதுமையில் இருக்கிற புரதம்) இல்லை என்று எழுத, அது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. இவருடைய குசினியில் அதை அளக்க ஒரு கருவியும் இல்லை, வேறு நாட்களில் அங்கே கோதுமை மாப் புட்டும் அவிப்பார். எங்களுக்குச் சமைப்பதற்கு முதல்நாளே அதை நிறுத்தி, மேசையையும் தாச்சியையும் கழுவி வைத்தார், நான் போய்ப் பார்த்தேன். நீங்களும் எடுக்கிறதென்றால் ஒருக்கா நேரில் போய்ப் பாருங்கள், அவர் கோபிக்கமாட்டார், உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

பெறாமகள் போகும்போது அந்தத் தூளில் ஒரு கிலோ ஒட்டிக் கட்டிக் கொண்டுபோனாள். தைப்பொங்கலுக்குத் திரும்ப வருகிறாளாம், பயற்றம் பணியாரம் கேட்டிருக்கிறாள். மேல்மாவில் கோதுமை கலக்காமல் வெறும் அரிசி மாவில் தோய்த்தால் எண்ணெயில் உடையுமோ என்று அக்கா இப்போதே சுட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.