ரோபோக்களுக்குத் தனிப்பாதையா, பொதுப்பாதையா?

எங்கள் கிடங்கில் தானியங்கி நடமாடும் ரோபோக்களை இறக்குவதற்கு முன் இரண்டு வழிகளைப் பரிசீலித்தோம். ஆட்கள் நடக்கும் இடைவழிகளிலேயே அவற்றையும் ஓடவிடுவது ஒன்று. தடுப்புக் கம்பி நட்டுத் தனிப்பாதை ஒதுக்குவது மற்றொன்று. பொதுப்பாதையில் தொடங்கி, சில வாரங்களிலேயே தனிப்பாதைக்கு மாறினோம். இன்று கேட்டாலும் தனிப்பாதை என்றே சொல்வேன்.

பொதுப்பாதையில் இடம் மிச்சமாகும். அலமாரிகளை நகர்த்தினால், ரோபோவுக்குள் இருக்கும் வரைபடத்தைத் திருத்தினால் போதும். குறுக்கே ஆள் வந்தால் ரோபோ நின்றுவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமல்ல. பாதையை நாள்தோறும் காலியாக வைத்திருக்கும் வேலை.

இந்த ரோபோக்களும் அடங்கும் ஓட்டுநரில்லாத் தொழிலக வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4 தரநிலை, வண்டியின் இரு பக்கமும் 0.5 மீட்டர் அகலத்துக்கு, 2.1 மீட்டர் உயரம் வரை இடைவெளி கேட்கிறது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் சிக்கி நசுங்கக் கூடாது என்பதே காரணம். ஆக, 0.7 மீட்டர் அகல வண்டிக்கு 1.7 மீட்டர் பாதை வேண்டும். கோடு போட்ட அன்று அந்த அகலம் இருக்கும். சரக்கு வந்து குவியும் பிற்பகலில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒருவர் "இரண்டு நிமிடம்தானே" என்று வைத்த பேலட்டின் (சரக்கு அடுக்கும் தட்டு) பக்கத்தில் அடுத்தவர் ஏணியைச் சாய்ப்பார்.

ஒரு நாள் கையால் தள்ளும் பேலட் டிரக் ஒன்று, பேலட்டைத் தூக்கும் அதன் இரு நீண்ட முட்கள் பாதைக்குள் நீண்டிருக்க, ஓரமாக நின்றது. தாழ்த்திய முட்களின் உயரம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. ரோபோவின் லேசர் ஸ்கேனரோ தரையிலிருந்து சுமார் இருபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே தளத்தை மட்டும் பார்க்கிறது. முட்களுக்கு மேலாகக் கதிர் கடந்துபோனதால் ரோபோ நேராக வந்து மோதியது. யாருக்கும் அடியில்லை. மேசை விளிம்புக்கும் இதே கதைதான்: கால்கள் தெரியும், பலகை தெரியாது. முப்பரிமாண கேமரா உதவும். எனினும் பெரும்பாலான ரோபோக்களில் அது பாதுகாப்புச் சான்று பெற்ற உணரியாக இருப்பதில்லை. தடுப்புக் கம்பி இருந்தால், அதைத் தாண்டி உள்ளே பொருளை வைப்பதற்கே கை தயங்குகிறது.

தனிப்பாதையிலும் தொல்லை உண்டு. ஆள் நுழையக்கூடிய பாதை என்றால் கம்பிக்கும் வண்டிக்கும் இடையே அதே 0.5 மீட்டர் விட வேண்டும். இடத்தை மிச்சம்பிடிக்கக் கம்பியை நெருக்கி நட்டால் நாமே பொறி வைத்ததாகும். அலமாரி மாற்றம் என்றால் கம்பியையும் பிடுங்க வேண்டும். அடிக்கடி இடமாற்றம் நடக்கும் கூடங்களுக்குப் பொதுப்பாதையே பொருந்தலாம். எங்கள் அனுபவம் பெட்டி சுமக்கும் சிறு வண்டிகளோடு நிற்கிறது, பேலட் தூக்கும் கனரக வண்டிகளுக்கு இதை அப்படியே நீட்ட மாட்டேன்.

ஆட்கள் குறுக்கே கடக்கும் இடங்களை மூன்றாகக் குறைத்து, அங்கெல்லாம் ரோபோவின் வேகத்தைத் தணித்து, பார்வையை மறைத்த அட்டைப்பெட்டி அடுக்குகளை அப்புறப்படுத்தினோம். அந்த மூன்று இடங்களை மட்டும் ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒருவர் நடந்து பார்க்கிறார்.