டயாலிசிஸ் நோயாளிக்கு மனநல ஆலோசனை: நேரிலா, காணொளியிலா?

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. மனநலச் சிகிச்சையை எப்படித் தொடர்வது என்று வீட்டில் பேசி, கடைசியில் காணொளியைத் தேர்ந்தெடுத்தோம்.

டாக்சிக் காசும் காத்திருக்கும் நேரமும் மிச்சம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கான தொடர் சந்திப்பு காணொளியில் நடந்தாலும், சிங்கப்பூரில் நாள்பட்ட நோய்களுக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குகளில் 2020 முதல் மெடிசேவைப் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பயன்படுத்தலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது, சிகிச்சை பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான். டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மிச்ச நாள்களில் கண், பாதம், ரத்தப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கும். உடம்பு அசந்துபோன வாரத்தில் முதலில் தள்ளிப்போவது மனநலச் சந்திப்புதான். "அதுக்கு இப்ப என்ன அவசரம்" என்பார் அம்மா. இரண்டு முறை விட்டுப்போனால் மாத்திரையும் நிற்கும். மனம் சோர்ந்தால் தண்ணீர்க் கட்டுப்பாடு தளரும், அடுத்த டயாலிசிஸுக்குள் கால் வீங்கிவிடும். மனத்தை விட்டால் சிறுநீரகச் சிகிச்சையும் கெடுகிறது.

இப்போது ஊசி போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, மைலோ டின்னில் சாய்த்த கைபேசியைப் பார்த்துப் பேசுகிறார். சந்திப்பு தள்ளிப்போவதில்லை. அப்புறம், தமிழில் பேசும் ஆலோசகர் ஊட்லண்ட்ஸில் இருந்தாலும் தெம்பனிசில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் மூவறை வீட்டில் தனிமை கிடைப்பது கஷ்டம். நாங்கள் பக்கத்தில் இருந்தால் "நல்லா இருக்கேன்" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார். அதனால் அந்த நேரத்தில் எல்லாரும் கீழே காப்பிக்கடைக்கு இறங்கிவிடுகிறோம். ஆலோசனை அறையில் இந்தப் பாடு கிடையாது. கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம் இதெல்லாம் திரையில் தெரியாது. சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தளவை மாற்றும்போது ரத்தப் பரிசோதனையோ இசிஜியோ தேவைப்படலாம், அதற்கு நேரில்தான் போயாக வேண்டும். முதல் சந்திப்பும் நேரில் இருப்பதே நல்லது.

நான் பார்த்தது மனச்சோர்வை மட்டும்தான். காது மந்தமானவருக்கோ, பிரமை உள்ளவருக்கோ இதையே பரிந்துரைக்க மாட்டேன். சாகும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த காணொளிச் சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். 1771 என்ற மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், உயிருக்கே ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995.