மரச் சரக்குப் பெட்டி மாதிரித் தொகுப்பு: அடிச்சட்டகத்தை முன்வைத்து ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில் நிறுவனத்துக்காக அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்ட்ரி நிறுவனம் 1904-இல் கட்டிக்கொடுத்த 3000 வரிசை மரச் சரக்குப் பெட்டியை 1:48 அளவில் செய்து பார்ப்பதற்கான தொகுப்பு இது. மூன்றடி அகலப் பாதையில் ஓடிய, 30 அடி நீளமும் 25 டன் கொள்ளளவும் கொண்ட அந்தப் பெட்டியின் பக்கப் பலகைகளும் கூரையும் இத்தொகுப்பில் துல்லியமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயினும், கொடுத்த காசுக்கு ஈடாக நிற்பது அடிச்சட்டகம்தான்.

நீளவாட்டில் கிடக்கும் மர உத்தரங்கள் இரு முனைகளுக்கும் அருகில் குறுக்காகக் கிடக்கும் போல்ஸ்டர் என்ற தாங்குவிட்டங்களின் மேல் அமர, சுமை முழுவதும் அவற்றின் வழியே போகிகளுக்கு, அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களுக்கு, இறங்குகிறது. இடைப்பட்ட நீளத்துக்குக் கீழே தாங்கல் ஏதும் இல்லாததால், வெறும் மரமாக விட்டுவைத்தால் நடுப்பகுதி நாளடைவில் தொய்ந்துவிடும். அதைத் தடுப்பவை இரும்பு இழுகம்பிகள். முனைக்கட்டையில் வாஷரும் நட்டும் இட்டு இறுக்கப்பட்ட ஒவ்வொரு கம்பியும் போல்ஸ்டரின் மேலாகச் சென்று, அங்கிருந்து சரிந்து இறங்கி, குறுக்குக்கட்டைகளுக்கு அடியில் நிற்கும் வார்ப்பிரும்புக் கால்களின் கீழே படிந்து, மறுமுனையை நோக்கி அதேபோல் ஏறுகிறது. நடுவில் கம்பியின் இரு பாதிகளையும் இணைக்கும் டர்ன்பக்கிள் என்ற திருகு இணைப்பைத் திருகும்போது கம்பி விறைத்துக் கால்களை மேலே உந்துகிறது. தொய்ந்த உத்தரமும் நிமிர்கிறது. இந்தப் பாதையைத் தொகுப்பு மாற்றாமல் பின்பற்றுகிறது. கம்பி சரியும் கோணத்திலேயே துளைகள் சாய்வாக இடப்பட்டிருப்பதைக் கண்டபோது, வடிவமைத்தவர் அசல் பெட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருப்பார் என்றே தோன்றியது.

பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளரின் இழுவையை இக்கம்பிகள் ஏற்பதில்லை; நடு உத்தரங்களுக்குக் கீழே போல்ட் போட்டுப் பிணைத்த இழுவைக்கட்டைகளே ஏற்கின்றன. அந்த நிறுவனத்தின் தடத்தில், நியூ மெக்சிகோவின் சாமாவிலிருந்து கொலராடோவின் கும்ப்ரெஸ் கணவாய்க்கு ஏறும் பாதையின் நான்கு சதவீதச் சரிவை நினைத்தால், அந்த போல்ட் துளைகள் பட்ட பாடு விளங்கும். இக்கட்டைகளைத் தனித் துண்டுகளாகவே, போல்ட் தலைகளுடன் கொடுத்திருக்கிறார்கள்.

குறை கம்பியில் இருக்கிறது. முழு அளவில் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் இரும்புக் கம்பிக்கு 1:48 அளவில் 0.6 மில்லிமீட்டர் தடிமன் பொருத்தமானது; தொகுப்பில் வரும் நைலான் இழை அந்தத் தடிமனில் இருந்தாலும், சுருளாகக் கிடந்த வளைவை எளிதில் விடுவதில்லை. இழுவிசையைத் தாங்குவதாகக் காட்ட வேண்டிய உறுப்பு நெளிந்து நிற்பதைவிடப் பெரிய முரண் வேறில்லை. அதே தடிமனுள்ள பித்தளைக் கம்பியைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது. வார்த்துத் தந்திருக்கும் டர்ன்பக்கிள்கள் அதிலும் சரியாகப் பொருந்துகின்றன.

பிரேக் சிலிண்டரையும் நெம்புகோல்களையும் இழுகம்பிகளுக்குப் பிறகு பொருத்தும்படி வழிமுறைத்தாள் சொல்கிறது. அதைப் பின்பற்றினால் கம்பிகளுக்கு இடையே இடுக்கிகூட நுழையாது என்பதால், பிரேக் வேலையை முதலில் முடித்துவிட்டுக் கம்பிகளைக் கடைசியாக மாட்ட வேண்டும்.