சீஸ்டார் சேஃப்-டி கியூசி ஸ்டியரிங் கிட்: நல்ல சாமான்தான், ஆனால் ஆட்டம் எங்கே என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்

பின்னால் எஞ்சின் தொங்கும் பாவித்த போட்டில் ஸ்டியரிங் ஆடுகிறது, அதாவது வளையத்தை (ஸ்டியரிங் வீலை) அசைத்தும் எஞ்சின் உடனே திரும்பவில்லை என்று சொன்னால், "கிட்டையே மாத்திடுங்க" என்ற பதில்தான் உடனே வரும். கேபிளால் எஞ்சினைத் திருப்பும் சேஃப்-டி கியூசி குறை சொல்லும்படியான கிட் இல்லை. ஆனால் ஆட்டம் பிறக்கக்கூடிய ஆறேழு இடங்களில் கியரையும் கேபிளையும் மட்டுந்தான் அது தீர்க்கும். குற்றம் வேறிடத்தில் இருந்தால், பெட்டியைப் பிரித்துப் பூட்டிய பிறகும் வளையம் பழையபடியே ஆடும்.

பெட்டிக்குள் இருப்பவை: டாஷ்போர்டில் பூட்டும் கியர் (வளையம் திரும்புவதைக் கேபிளின் இழுப்பாக மாற்றுவது), அதன் முகப்பு, கேபிள். ஸ்டியரிங் வீல் வராது. கேபிள் நுனியை எஞ்சினோடு சேர்க்கும் லிங்க் ஆமையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பழைய போட்களில் இதே வகைக் கியர் டெலிஃப்ளெக்ஸ் பெயரில் இருக்கும். அந்த மரீன் பிரிவு 2011இல் சீஸ்டார் ஆனது, 2017இல் டோமெட்டிக் கைக்குப் போனது. பெயர் வேறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

சோதனைக்கு இரண்டு பேரும் ஒரு மாக்கரும் போதும். எஞ்சினை நிறுத்தி, கீழே இறக்கி, நேராக வையுங்கள். வளையத்தின் உச்சியில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். பின்னால் கேபிளிலிருந்து வெளியே வரும் ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் வளையத்தை மெதுவாக இடமும் வலமும் அசைக்க, மற்றவர் பின்னால் குனிந்து பார்க்கட்டும். வளையம் அசைந்தும் கம்பி அசையாவிட்டால் குற்றம் முன்பக்கத்தில் அல்லது கேபிளில். கம்பி அசைந்தும் எஞ்சின் அசையாவிட்டால் பின்பக்கத்தில். பின்பக்கமென்றால் கிட் வாங்கும் காசு மிச்சம்.

முதலில் பின்பக்கத்தையே பாருங்கள், காரணம் கணக்கில் இருக்கிறது. 350 மில்லிமீற்றர் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மூன்று சுற்று என்று வைத்தால் கை 3,300 மில்லிமீற்றர் போகிறது. கம்பி போவதோ சுமார் 9 அங்குலம், அதாவது 229 மில்லிமீற்றர். விகிதம் பதினான்குக்கு ஒன்று. லிங்க் ஆம் போல்ட் துளை 1 மில்லிமீற்றர் தேய்ந்தால் வளையத்தில் 14 மில்லிமீற்றர் ஆட்டம். பின்னால் கண்ணுக்கே படாதது முன்னால் பெரிய நோயாகத் தெரிவது இதனால்தான்.

லிங்க் ஆமின் இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துக்கொண்டு வளையத்தை அசைக்கச் சொல்லுங்கள்; தேய்ந்த மூட்டு "டக்" என்று விரலில் தட்டும். அங்கே நைலோன் வைத்த, அதிர்வில் எளிதில் கழலாத லொக் நட்தான் வர வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் சல்லி விலைக்குக் கிடைக்கும் சாதாரண நட்டைப் போட்டு இறுக்கினால், அதிர்வில் ஒருநாள் கழன்றுவிடும். ஓடும்போது எஞ்சின் சட்டென்று ஒருபக்கம் திரும்பி ஆட்களைத் தண்ணீரில் வீசும். மெர்க்குரி எஞ்சின்களில் கேபிள் நுனியின் லொக் நட்டை உட்காரும்வரை இறுக்கி, கால் சுற்று பின்வாங்க வேண்டும். அந்த மூட்டு திரும்ப வேண்டிய மூட்டு; முழுக்க இறுக்குவதும் பிழையே.

அடுத்தது, கேபிளை டில்ட் டியூபோடு (எஞ்சினில் கேபிள் கம்பி நுழைந்து போகும் குழாயோடு) பிடிக்கும் பெரிய நட். இது தளர்ந்தால் கம்பி மட்டுமல்ல, கேபிளின் வெளியுறையும் சேர்ந்து முன்பின் நகரும். இறுக்கம் 35 அடி-இறாத்தல், 47 நியூட்டன் மீற்றர். பிறகு பிரொப்பலருக்கு மேலுள்ள தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கம்பி அசையாமல் எஞ்சின் மட்டும் ஆடினால், லிங்க் ஆமும் சரியென்றால், எஞ்சின் சுழலும் தண்டின் புஷ்கள் (தண்டைத் தாங்கும் வளையங்கள்) போய்விட்டன. அது பெரிய வேலை. போட்டின் விலையைக் குறைத்துப் பேச வேண்டிய இடமும் அதுதான்.

முன்பக்கத்தில் வீலின் நடு நட்டைத் திறந்து, முக்கால் அங்குலக் கூம்புத் தண்டில் உள்ள அரைநிலாச் சாவியை (வீலைத் தண்டோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டை) பாருங்கள். சாவி தேய்ந்திருந்தால் வீல் மட்டும் ஆடும், தண்டு ஆடாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் பலகை உக்கி, கியரே மொத்தமாக அசைவதும் உண்டு. தண்டு திரும்பியும் கேபிள் தாமதமாக எழும்பினால்தான் கிட்டின் முறை வருகிறது. எஞ்சின் இழுவை கைக்கு வராத 'நோ ஃபீட்பேக்' வகைக் கியரில் மட்டும் சிறிய ஆட்டம் இயல்பிலேயே உண்டு; அதைக் குற்றமென்று எடுக்காதீர்கள்.

கேபிளின் நீளம்தான் அதிகம் பிழைக்கும் விஷயம். பழைய கேபிளின் உறையில் அச்சான இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் அடிக்கணக்கு: எஸ்எஸ்சி6214 என்றால் 14 அடி. கடையில் 16தான் இருக்கிறது என்று தலையில் கட்ட விடாதீர்கள். கூடுதல் நீளம் சுருளும், சுருளில் உள்கம்பி உறைக்குள் ஒதுங்கும், அதுவே புது ஆட்டம். வளைவின் ஆரை 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கேபிளை மட்டும் மாற்றிப் பழைய கியரை விடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் சேர்ந்தேதான் தேயும்.

கியரைத் திறக்காமலே கேபிளைச் செருகிப் பூட்டலாம் என்பது இந்தக் கிட்டின் உண்மையான நன்மை. கேபிளுக்குள் கிரீஸ் ஏற்றிப் பழுதுபார்க்க முடியாது என்பது குறை. நீர்கொழும்புக் களப்பிலோ முகத்துவாரத்திலோ ஓடும் போட்டில் உறை ஒருமுறை வெடித்தால் உப்புத்தண்ணீர் புகுந்து உள்கம்பி துருப்பிடிக்கும். பொல்கொட ஏரியும் நன்னீர் என்று நம்பிவிட வேண்டாம், பாணந்துறைப் பக்கமாகக் கடலோடு தொடர்புண்டு. டில்ட் டியூப் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சின்ன வாயில்) கிரீஸ் ஏற்றும்போது கம்பி முழுக்க உள்ளே இழுபட்டிருக்க வேண்டும். வெளியே நீண்டிருக்கையில் ஏற்றினால் கிரீஸே அடைத்து ஸ்டியரிங்கைப் பூட்டிவிடும்.

பூட்டி முடித்ததும் எஞ்சினை முழுக்கத் தூக்கி இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், கேபிள் எங்கும் இழுபடக் கூடாது. ஓடும்போது ஒரே பக்கம் இழுத்தால் அது ஆட்டமல்ல. பிரொப்பலருக்கு மேலுள்ள சின்னத் துடுப்பான டிரிம் டாப்பின் போல்ட்டைத் தளர்த்தி, இழுக்கும் பக்கமே அதன் பின்முனையைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடும்.